பார்சலில் வந்த உயரம்

அந்த ஆளை நினைத்தால் எனக்கு முகம் நினைவுக்கு வருவதில்லை, முதலில் நாற்றம்தான் வருகிறது. மழையில் நனைந்த ரெக்சின், பழைய ஸ்பாஞ்சு, நாள் முழுக்க மூடிக் கிடந்த காலின் வியர்வை, அதை மறைக்கக் கொட்டிய பவுடர் எல்லாம் ஒன்றாகக் கலந்த நாற்றம். கூடுவாஞ்சேரியில் என் அக்கா வீட்டுப் படுக்கையறைக்குள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நுழைந்து பார்த்திருக்கிறேன். ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் இரண்டு ஸ்பாஞ்சு ஆப்புகள் காய்ந்துகொண்டிருக்கும். குதிகால் பக்கம் மூன்று விரல் தடிமன், விரல் பக்கம் வரவரத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். சோப்புப் போட்டுத் துவைத்த பிறகும் மஞ்சளாகவே இருக்கும். அதற்குப் பக்கத்தில் கட்டிலில் படுத்து அக்கா தூங்குவாள். எப்படித்தான் தூங்கினாளோ, எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

மொட்டைமாடியில் நல்ல வெயில் அடிக்கும். ஆனால் அங்கே அவற்றைக் காயப்போடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிடுவார்களாம்.

அவர் என் அக்கா சாந்தியின் கணவர். வேறு வழியில்லாமல் மாமா என்று கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயமெல்லாம் ஒன்றும் கிடையாது. அந்தப் பெயரை எழுதினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

குள்ளமாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரே என் காது உயரம்தான். கல்யாணத்தில் பக்கத்தில் நின்றபோது என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன், போட்டோக்காரரும் சிரித்தார். அதோடு அந்த விஷயம் முடிந்துபோயிற்று. ஆனால் அக்கா வீட்டு ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரரைப் பார்த்து முதலில் கேட்பது இதுதான்.

"இன்னா சகல, ஸ்டூல் கொண்டாரட்டுமா?"

"கொண்டாங்க. ஒக்காந்துக்கறேன்" என்பார் இவர்.

ஷூவுக்குள் மூன்று விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்சை வைத்துக்கொண்டு அடுத்தவனைக் கிண்டல் செய்ய ஒரு மனம் வேண்டுமே, அந்த மனம்தான் எனக்குக் குமட்டுகிறது.

"ஆம்பளன்னா நின்னா தெரியணும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. பால்காரரிடம் சொல்வார், பஸ் கண்டக்டரிடம் சொல்வார், கைக்குழந்தையைப் பார்க்கப் போன வீட்டில் அந்தக் குழந்தையிடமும் சொல்லியிருக்கிறார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பேண்ட்டை எப்போதும் தரையைப் பெருக்குகிற நீளத்துக்குத்தான் தைப்பார். ஷூவின் குதிகால் வெளியே தெரியக் கூடாது. தெருவில் கிடக்கிற சாக்கடை ஈரம், எச்சில், மாட்டுச் சாணம் எல்லாம் அந்தப் பேண்ட் ஓரத்தில் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வரும். துவைப்பது அக்கா. நடை மட்டும் மாறவே இல்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி முன்னால் சாய்ந்தே நடப்பார்.

நம் ஊரில் உயர ஷூ போட்டுக்கொள்கிறவனுக்கு ஒரு பெரிய கஷ்டம் இருக்கிறது. போகிற வாசலில் எல்லாம் கழற்றச் சொல்வார்கள். வீட்டு வாசல், கோயில் வாசல், சில டாக்டர்களின் கிளினிக் வாசலிலும்கூட. ஒவ்வொரு வாசலுக்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். கோயிலுக்குப் போனால், "நீங்கல்லாம் போய்ட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கறேன்" என்று வெளியிலேயே நின்றுவிடுவார். திருப்போரூரில் எங்கள் குடும்பத்துச் செருப்பு அத்தனைக்கும் அவர் காவல் நின்றதைப் பார்த்து, "மாப்ளைக்கு இன்னா பெரிய மனசு" என்று என் அம்மா கண் கலங்கியிருக்கிறாள். சொந்தக்காரர் வீடுகளில், "காலுல ஆணிம்மா, டாக்டர் ஷூவக் கயட்டக் கூடாதுன்ட்டாரு" என்று வராண்டாவிலேயே நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவார். சாப்பாடும் அங்கேயேதான் போக வேண்டும்.

சொந்த வீட்டுக்குள் மட்டும் வெறுங்கால்தான். அங்கே அவருக்கு வேறு ஏற்பாடு இருந்தது. அவர் அறைக்குள் வந்தால் அக்கா உட்கார்ந்துவிட வேண்டும். காய் நறுக்கிக்கொண்டு நின்றால் தரையில் உட்கார்ந்து நறுக்க வேண்டும். துணி மடித்துக்கொண்டு நின்றால் கட்டிலில் உட்கார்ந்து மடிக்க வேண்டும். இதை அவர் வாயால் சொன்னதை நான் கேட்டதில்லை. ஒரு கனைப்புக் கனைப்பார், அக்கா மடங்கி உட்கார்ந்துவிடுவாள்.

இன்னொன்றும் உண்டு. சமையலறைப் பரணில் இருக்கும் மிளகாய் டப்பாவை அக்கா நின்ற இடத்திலிருந்தே கை நீட்டி எடுத்துவிடுவாள். செங்கல்பட்டில் பள்ளிக்கூட வாலிபால் டீமில் வலைக்கு முன்னால் நின்று ஆடியவள் அவள். ஆனால் அவர் வீட்டில் இருக்கும்போது அப்படி எடுக்கக் கூடாது. "இன்னாங்க, அந்த டப்பா எட்டல" என்று கூப்பிட வேண்டும். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேலே ஏறி, டப்பாவை எடுத்துக் கொடுப்பார். கொடுக்கும்போது மேலிருந்து அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் ஒரு முறை நேரில் பார்த்தேன். அன்றைக்கு அந்த மிளகாயில் வைத்த குழம்பை என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட ஆளுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். அக்காவின் உயரத்தைப் பார்த்து மூன்று நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. "பொண்ணு நல்லாத்தான் கீது, ஆனா பையன் பக்கத்துல நின்னா நல்லா இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உரக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு அந்த வருஷம் முடி கொட்டியதே அந்தக் கவலையில்தான். அப்போதுதான் தரகர் இந்த வரனைக் கொண்டுவந்தார். "பையன் நல்ல வளத்திங்க. நாகரிகமானவங்க. வூட்டுக்கு வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்டறதெல்லாம் அவங்களுக்குப் புடிக்காது. மாமல்லபுரத்துல ஓட்டல்ல பாத்துக்கலாம்னு சொல்றாங்க."

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கடற்கரை ரோட்டில் பெரிய ஓட்டல். பளிங்குத் தரையில் செருப்போடு நடக்கக் கூச்சப்பட்டு அம்மா செருப்பைக் கையில் எடுத்தாள், ஓட்டல்காரர்தான் போட்டுக்கொள்ளச் சொன்னார். பையன் எழுந்து நின்று அப்பாவுக்குக் கை கொடுத்தான். கருப்பு ஷூ பளபளவென்று இருந்தது. அக்காவைவிட இரண்டு விரல் உயரம் என்று அம்மா கண்ணாலேயே அளந்துவிட்டாள். எங்கள் வீட்டில் வைத்துப் பெண் பார்த்திருந்தால் வாசலிலேயே ஷூவைக் கழற்றியிருப்பான், அங்கேயே விஷயம் தெரிந்திருக்கும். நாகரிகம் என்று நாங்கள்தான் வாயைப் பிளந்தோம். நிச்சயதார்த்தத்தில் நாங்கள் போவதற்கு முன்பே உட்கார்ந்திருந்தான், நாங்கள் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் ரிசப்ஷனில் கோட்டும் ஷூவும். ஜோடிப் பொருத்தம் என்று ஊரே சொன்னது.

மறுநாள் காலை முகூர்த்தம். தாலி கட்டியாயிற்று. அக்கினியை வலம் வர இரண்டு பேரும் எழுந்தார்கள். வெறுங்கால். அவர் தலை அக்காவின் கண் மட்டத்துக்குத்தான் வந்தது. மேளக்காரருக்கே கை ஒரு கணம் நின்றுவிட்டது. அப்பா மேடைக்குக் கீழே நின்று வேஷ்டி முனையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்து அக்காவின் பின்கழுத்தில் கையை வைத்து அழுத்தினாள்.

"தலையக் குனிம்மா. மணமேடையில பொண்ணு இப்டியா நிமுந்து நிப்பா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

பெண் தலை குனிவது வழக்கம்தானே. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா கழுத்தை மடக்கி, முதுகை வளைத்து, அவர் கையைப் பிடித்துச் சுற்றி வந்தாள். பின்வரிசையில் ஒரு அம்மா, "இந்தக் காலத்துல இவ்ளோ அடக்கமான பொண்ணா!" என்று ஆச்சரியப்பட்டார். கல்யாண ஆல்பத்தில் முகூர்த்தப் படம் எதிலும் அக்காவின் முகம் கிடையாது. நெற்றிச்சுட்டியும் பூவும்தான் தெரியும்.

அன்றைக்குக் குனிந்த தலையை அவள் நிமிர்த்த அவர் விடவே இல்லை. தெருவில் போனால் அவர் மேட்டுப்பக்கம், அவள் சாக்கடைப் பக்கம். காலுக்குத் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. கொண்டை போடக் கூடாது. போட்டோ என்றால் அவள் நாற்காலியில், அவர் நின்றபடி. இரண்டு பேருக்கும் ஒரே கால் அளவு. அதையும் விடவில்லை. "பொம்பளைக்கு இன்னா காலுடி இது, படகாட்டம் கீது" என்பார். சில வருஷத்தில் அக்காவின் முதுகு தானாகவே வளைய ஆரம்பித்தது. கழுத்து வலிக்குத் தைலம் தடவிக்கொண்டே திரிந்தாள். டாக்டர் எலும்புத் தேய்மானமா என்று பார்க்கச் சொன்னார். தேய்ந்தது எது என்று எனக்குத் தெரியும், சொன்னால் அக்கா வாயைப் பொத்துவாள்.

திவ்யா பிறந்து நடக்க ஆரம்பித்திருந்த சமயம், ஒரு விடுமுறைக்கு எல்லோரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். கோயிலைத் தாண்டி மணலில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். அவர் மட்டும் ஷூவோடு வந்தார். மணலில் முன்சாய்வு நடை இன்னும் மோசமாக இருந்தது. தண்ணீர்ப் பக்கம் வர வேண்டாம் என்று அக்கா சொன்னாள். "எனக்குத் தெரியும்" என்றார். அந்தக் கடலில் நாலு சின்ன அலைக்குப் பின்னால் ஒரு பெரிய அலை வரும், அது உள்ளூர்க் குழந்தைக்கும் தெரியும். வந்தது. முழங்கால்வரை நனைத்து இழுத்ததில் அவர் தடுமாறி விழுந்தார். ஒரு ஷூ கழன்றது. ஷூவை என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டார். ஆனால் உள்ளே இருந்த ஆப்பு வெளியே வந்து, அலை மேல் மிதந்துகொண்டு போனது. அதுவரைக்கும் அக்காவைத் தவிர எங்களில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பழுப்பு நிறத்தில், வெட்டிப் போட்ட கேக்குத் துண்டு மாதிரி மிதந்தது.

"சாந்தி! புடிடி அத! போவுதுடி!"

அக்கா புடவையோடு இறங்கிவிட்டாள். இடுப்பளவு, மார்பளவு. திரும்பி வா என்று நான் கத்துகிறேன். அவர் ஒற்றை ஷூவோடு கரையில் சாய்ந்து நின்று, "அதோ, அதோ, இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த பெரிய அலையில் அக்காவின் தலை காணாமல் போயிற்று. படகுப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் பாய்ந்துபோய்க் கூந்தலைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிந்தது. மீனவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"இன்னா அண்ணாத்த, பொண்டாட்டி முய்கினு கீறா, நீ கரையில நின்னு வேடிக்க பாத்துகினு கீற?"

அவர் மீனவரைப் பார்க்கக்கூட இல்லை. அக்காவின் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"கெடச்சுதா?"

அக்கா கையைத் திறந்தாள். உள்ளே இருந்தது. அவர் அதை வாங்கிப் பிழிந்தார், மணலைத் தட்டினார், இருமிக்கொண்டு கிடந்தவளின் முந்தானையிலேயே துடைத்து ஷூவுக்குள் திணித்தார், காலை நுழைத்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒவ்வொரு அடிக்கும் சதக் சதக் என்று அது நீரைக் கக்கியது.

அப்பா இறந்தபோதும் அவர் ஷூவோடுதான் வந்தார். மூத்த மாப்பிள்ளை தோள் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் கூப்பிட்டார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். "காலுல ஆணி" என்றார். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்த் தோள் கொடுத்தார். உயரம் போதாததால் பாடை இவர் பக்கம் சரிந்தது. கையைத் தூக்கி உள்ளங்கையில் தாங்கிக்கொண்டே சுடுகாடுவரை போனார். அந்த ஆள் எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஷூ வாங்குவதும் ஒரு ரகசிய வேலைதான். ஆரம்பத்தில் குரோம்பேட்டைப் பக்கம் தெரிந்த ஒருவரிடம் சொல்லிச் செய்துகொள்வார். பிறகு வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. மத்தியான நேரத்தில் டி.வி.யில் எல்லாம் விற்பார்கள். தொப்பை குறைக்கிற பெல்ட், முடி வளர்க்கிற எண்ணெய், அதோடு உயரம் கூட்டுகிற ஷூ. வெளியே பார்த்தால் சாதாரண ஷூ, உள்ளே எல்லாம் மறைந்திருக்கும், எவரும் கண்டுபிடிக்க முடியாது என்று கோட்டுப் போட்ட ஒருத்தன் டப்பிங் குரலில் சத்தியம் செய்வான். போன் செய்தால் பார்சல் வரும், தபால்காரரிடம் காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம். அந்த ஆள் போன் செய்தார். பெயர் கேட்டபோது சாந்தி என்று சொன்னார்.

பார்சல் வந்த அன்று நான் அங்கே இருந்தேன். பெட்டிமேல் பெரிய எழுத்தில் உயரம், உயரம் என்று அச்சடித்து, குட்டையாக ஒரு ஆளும் நெட்டையாக ஒரு ஆளுமாகப் படம் வேறு. தபால்காரர் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இன்னாம்மா, நீயே வாசக்காலு இடிக்கிற மாதிரி கீற. உனக்கு எதுக்கு இது?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி வாயை மூடிச் சிரித்தாள். உள்ளே ஜன்னல் திரைக்குப் பின்னால் அந்த ஆள் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வெளியே வரவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உள்ளே வந்ததும் அவர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். கம்பெனி விழாவுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் வைத்தார். சிரிப்பு வாங்கியது அவள், ஷூ மட்டும் அவருக்கு.

இதற்குள் திவ்யா வளர ஆரம்பித்திருந்தாள். அக்காவின் உடம்பு வாகு. எட்டாவது படிக்கும்போதே அப்பாவின் தோளைத் தாண்டிவிட்டாள். அந்த ஆள் முதலில் அவள் பாலை நிறுத்தினார். "பாலு குடிச்சா இன்னும் வளருவா. டீ குடு, போதும்." பிறகு முட்டை போயிற்று. பிறகு ஸ்கிப்பிங் கயிறு குப்பைக்குப் போயிற்று. பெற்ற பெண் வளரக் கூடாது என்று வயிற்றில் அடிக்கிற மனுஷனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு முட்டையாக வேகவைத்துக் கொடுப்பேன். வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாலிபால் நன்றாக வந்தது. பி.டி. மிஸ் அக்காவைக் கூப்பிட்டு, செங்கல்பட்டு கிரவுண்டில் மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அக்கா வீட்டில் அந்த ஆளிடம் சொல்லவில்லை. என்னை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது எப்படியோ அவருக்குத் தெரிந்து ரகளை நடந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்றார். வாசலில் இருந்த ரப்பர் செருப்பு, திவ்யாவின் கேன்வாஸ், எல்லாவற்றையும் வாரி பீரோவுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"செருப்பு இல்லாம எப்டிப் போவீங்க, நானும் பாக்கறேன். பந்து ஆடறேன்னு எகிறி எகிறி இன்னும் வளரட்டும். அப்பால எவன் கட்டிப்பான்?"

"எங்க அக்காவக் கட்டிக்க நீங்க வரலியா மாமா? அதே மாதிரி எவனாச்சும் ஷூ போட்டுகினு வருவான்" என்றேன். எனக்கு வாய் நீளம்.

அவர் திரும்பினார். அவர் திரும்பியதும், சுவரோரம் நின்றிருந்த திவ்யாவின் முழங்கால் மடங்கியது. தோள் உள்ளே வந்தது. தலை தானாகத் தொங்கியது. யாரும் அவளைக் குனியச் சொல்லவில்லை. யாரும் அவள் கழுத்தில் கை வைக்கவில்லை. அக்கா அதைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பின்கழுத்துக்குக் கை போயிற்று, தைலம் தடவுகிற இடத்துக்கு.

பிறகு அவள் சமையலறைக்குப் போனாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்டூல் இல்லாமல், நின்ற இடத்திலிருந்து ஒற்றைக் கையைப் பரணுக்கு நீட்டி அந்தப் பார்சல் பெட்டியை எடுத்தாள். கூடத்தில் உட்கார்ந்து பிரித்தாள். காலை நுழைத்துக் கயிற்றைக் கட்டினாள். சரியான அளவு. புடவைக்குக் கீழே ஆம்பளை ஷூ. எழுந்து நின்றாள். முதுகை நிமிர்த்தும்போது எலும்பு சொடுக்கியது எனக்கே கேட்டது. தாழத் தொங்கிய கூடத்து ஃபேன் றெக்கைக்குத் தலை பக்கத்தில் போனதைப் பார்த்துத் திவ்யா ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள்.

"கயட்டுடி அத! அது என்துடி!"

"பார்சல்ல யாரு பேரு போட்டுகீது? போய்ப் பாரு. தபால்காரன்கிட்ட வேணா கேளு."

அவரை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மேலிருந்து பேசினாள். அவர் அண்ணாந்து பார்த்தார். கை ஓங்கினார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஓங்கிய கை எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

என் செருப்பை நான் கேட்டுக்கு வெளியே விட்டிருந்தேன், அது மட்டும் தப்பித்திருந்தது. அதைத் திவ்யாவுக்குக் கொடுத்தேன். நான் வெறுங்காலோடு நடந்தேன். தார் ரோடு கொஞ்சம் சுட்டது, ஒன்றும் உயிர் போய்விடவில்லை. தெருவே பார்த்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டுக்கு வந்தார்கள், இந்த முறை சிரிக்கவில்லை. பாதித் தெரு போய்த்தான் நான் திரும்பிப் பார்த்தேன். துரத்தி வருவார், திவ்யாவின் கையைப் பிடித்து இழுப்பார், நடுத்தெருவில் அடிப்பார் என்றெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். அவர் வரவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. பழைய ஷூவின் ஆப்பு இரண்டும் படுக்கையறையில் நாற்காலி மேல் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. வாசற்படிக்கு உள்ளே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கத்திக்கொண்டிருந்தார். செருப்பில்லாமல் யாராலும் படியிறங்க முடியாது என்று நம்பிப் பூட்டியவர் இல்லையா. ஒரு கால் படிவரை வந்தது. எதிர் வீட்டில் யாரோ பார்ப்பதைக் கண்டதும் உள்ளே போய்விட்டது.

திவ்யா அன்றைக்கு வெறுங்காலோடு ஆடினாள், எடுத்துக்கொண்டார்கள். அக்கா இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், அந்த ஆளும் இருக்கிறார். ஸ்டூலைத் தூக்கி மாடியில் போட்டுவிட்டாள். அவர் கனைத்தால், "இன்னா, தொண்ட சரியில்லையா?" என்று நின்றுகொண்டே கேட்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆப்புகளை அவரே துவைத்துக்கொள்கிறார். படுக்கையறையில் போட விடுவதில்லை, மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். எனக்கு அவர் மேல் இரக்கம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை.

அன்றைக்குக் காலையில் கிரவுண்டுக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்ததும் அக்கா ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் தோல் வழன்று ரத்தம் கசிந்திருந்தது.

"இம்மாம் வலிக்குதுடி. இதப் போட்டுகினா இத்தினி வருசம் நடந்தாரு?"

"பாவம் பாக்க ஆரம்பிச்சிராத, நான் எறங்கிப் பூடுவேன்" என்றேன்.

"பாவம்லாம் இல்ல. வலிக்குதுன்னு சொன்னேன்."

செங்கல்பட்டில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் போயிருப்போம், எதிர் சீட்டில் வந்த பூக்கார அம்மா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். கையில் இரண்டு ஷூவும் கயிற்றோடு தொங்கின.

"ஏம்மா! ஏ நெட்டப் பொண்ணு! சீட்டுக்கு அடியில வுட்டுட்டுப் போறியே, புத்தம் புதுசா கீதும்மா!"

அக்கா நின்றாள். திரும்பிப் பார்த்தாள். வெறுங்காலோடு நின்றும் அந்த அம்மாவைவிட ஒரு முழம் உயரமாக இருந்தாள்.

"எங்களுது இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் திவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.